கிளாட் தருக்கக் கேள்விகள்: ஒரு நாளைக்கு நாலு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் கிளாட் தேர்வைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சட்டம் படிக்க அகில இந்திய அளவில் ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று தமிழில் எடுத்துச் சொன்னதற்கு முதலில் நன்றி. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நீட் தெரியும், ஜேஇஇ தெரியும், கிளாட் என்றால் ஆசிரியர்களே இரண்டாவது தடவை கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரையில், தருக்கத் திறன் (லாஜிக்கல் ரீசனிங்) பகுதிக்கு, யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்கும் ரத்த உறவு, வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார், எழுத்துகளைச் சங்கேதமாக மாற்றும் கோடிங் டீகோடிங் இவற்றைத் தினமும் நூறு கேள்வி போட்டுப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதையேதான் ஒரு பயிற்சி நிலையத்திலும் சொன்னார்கள், அதை நம்பி என் மகளுக்கு நான்கு மாதம் வீணாகப் போனது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்பு செட்டி தெருவில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. மகள் இப்போது பிளஸ் டூ, பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். சின்ன வயதிலிருந்து பள்ளி விட்டதும் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள், வக்கீல்கள் வந்து போவதைப் பார்த்துப் பார்த்து சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குத் தானாக வந்தது.

நம் மாநிலத்தில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. பெங்களூரு, ஹைதராபாத் என்று வெளியே உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும், இங்கேயே திருச்சி பக்கத்தில் நவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டுமென்றால் கிளாட் எழுதியாக வேண்டும். தில்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனியாக நடத்துகிறது, அதில் 150 கேள்வியில் 70 தருக்கம். அரசு மாதிரிப் பள்ளிகளில் இப்போது இந்தத் தேர்வுகளுக்கும் வழிகாட்டுகிறார்கள் என்பது நல்ல விஷயம், ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மாதிரிப் பள்ளியில் இல்லை.

2008-ல் ஆரம்பித்த இந்த கிளாட், 2020 தேர்விலிருந்து ஆளே மாறிவிட்டது. ஐந்து பகுதியிலும் ஒரு பத்தியைக் கொடுத்து அதற்குக் கீழே கேள்வி கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து கேள்விகள் 150-லிருந்து 120 ஆகக் குறைந்தன, நேரம் அதே இரண்டு மணி. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் கழித்துக்கொள்வார்கள். இதில் தருக்கம் 22-லிருந்து 26 கேள்வி வரை, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. தேர்வை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பே இந்தப் பகுதியில் என்ன கேட்போம் என்று எழுதி வைத்திருக்கிறது. பத்தியில் உள்ள வாதம் எது, அதன் முடிவு எது, முடிவுக்கு ஆதாரமாக எதைச் சொல்கிறார்கள், அந்த ஆதாரம் முடிவைத் தாங்குமா, இதிலிருந்து இன்னும் என்ன பெறலாம், எங்கே முரண்படுகிறது, இவைதான் அதில் முக்கியமாக உள்ளவை. ரத்த உறவு எங்கேயும் இல்லை. புதிர் மாதிரி சில தலைகாட்டினால் காட்டட்டும், ஐலெட்டில் வரவும் வரும், கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதையே முழுச் சாப்பாடாகப் பிள்ளைகளுக்குப் பரிமாறக் கூடாது.

நாங்கள் சேர்த்த பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாய் கட்டினேன், அதில் பாதி சீட்டுப் பணம். கையில் கொடுத்த புத்தகம் இரண்டு கிலோ இருக்கும். 'புகைப்படத்தில் இருப்பவரைக் காட்டி, இவர் என் தாத்தாவின் ஒரே மகனின் மகள் என்று ஒருவர் சொன்னார், அப்படியென்றால்' என்கிற மாதிரி அறுநூறு கேள்வி. (இங்கிலீஷில் அங்கிள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதால் அவர்களுக்கு அது புதிர், மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பிரித்துச் சொல்லி வளரும் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?) அவளும் விடியற்காலை எழுந்து போட்டுத் தள்ளினாள், நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கடைக்கு வரும் ஒரு ஜூனியர் வக்கீல், அவரும் கிளாட் எழுதித்தான் படித்தவர், பழைய வினாத்தாள் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, இதைப் போடச் சொல்லுங்கள் அக்கா என்றார். 24 தருக்கக் கேள்வியில் 9 சரி. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "அம்மா, நான் படிச்சது ஒண்ணுகூட இதுல இல்ல" என்றாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் அந்தத் தாளை நான் கடைக்கு எடுத்துப் போய், வேலை இல்லாத நேரத்தில் படித்துப் பார்த்தேன். பத்தி ஒவ்வொன்றும் நானூறு நானூற்றைம்பது சொல். எனக்கு எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியவில்லை, ஆனால் அமைப்பு எனக்குப் புதிதாக இல்லை. 22 வருடமாக நான் டைப் அடிப்பது வேறென்ன? மனுதாரர் இப்படிச் சொல்கிறார், அதற்கு இன்னின்ன காரணம், ஆகவே இந்த நீதிமன்றம் இதைச் செய்ய வேண்டும் என்று கடைசியில் ஒரு ப்ரேயர். அடுத்த நாளே எதிர்மனுதாரர் தரப்பு வந்து, அந்தக் காரணம் நிற்காது, ஏனென்றால் என்று ஒரு கவுன்ட்டர் அடிக்கச் சொல்வார்கள். ப்ரேயர்தான் முடிவு, மேலே உள்ளவை எல்லாம் காரணம். கேள்வித்தாளில் வரும் பத்தியில் ப்ரேயர் கடைசியில் இருக்காது, நடுவில் ஒளிந்திருக்கும், சில சமயம் முதல் வரியே அதுதான். அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அன்றிலிருந்து நாங்கள் வேறு மாதிரி ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பத்தி, அதற்குக் கீழே உள்ள நாலைந்து கேள்வி, அவ்வளவுதான். ராத்திரி எட்டரை மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு அவள் பத்தியை இங்கிலீஷில் ஒரு தடவை தனக்குள் படிப்பாள், புத்தகத்தை மூடிவிட்டு எனக்குத் தமிழில் சொல்வாள். நான் மூன்றே கேள்வி கேட்பேன். யார் என்ன சொல்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? நடுவில் எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்? முதல் வாரம் முழுக்க அவளால் இரண்டாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை. பத்தியில் இருந்த எல்லாவற்றையும் ஒப்பிப்பாள், ஆனால் எது முடிவு, எது காரணம் என்று பிரிக்க வராது. தமிழில் சொல்ல முடியாத இடம்தான் அவளுக்குப் புரியாத இடம் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. இங்கிலீஷில் படிக்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும், சொல் சொல் என்றால் நாக்கு நின்றுவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது நாங்களே வீட்டில் எழுதிக்கொண்டது. தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் சென்னையில் பல இடங்களில் கிணற்றில் தண்ணீர் மேலே வந்தது. ஆகவே தண்ணீர் மேலே வந்ததற்கு மழைநீர் சேகரிப்பே காரணம். இந்த வாதத்தை எது அதிகம் பலவீனமாக்கும் என்று கேள்வி. முதல் விடை, 2019-ல் சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. இரண்டாவது, சில வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயை மட்டும் மாட்டி வைத்தார்கள். மூன்றாவது, அந்த ஆண்டுகளில், குறிப்பாக 2005-ல், வழக்கத்தைவிட மிக அதிகமாக மழை கொட்டியது. நான்காவது, சேகரிப்புத் தொட்டி கட்ட நிறைய செலவாகும்.

அவள் உடனே முதல் விடையைத் தொட்டாள். எனக்கும் அதுதான் தோன்றியது, ஏனென்றால் 2019 கோடையில் ராயபுரத்தில் லாரித் தண்ணீருக்காக ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அதற்குக் காவலாகத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இருவரும். பஞ்சம் வந்தது உண்மை. ஆனால் அந்த வாதம் 2019-ஐப் பற்றிப் பேசவே இல்லை, 2003-க்கு அடுத்து தண்ணீர் ஏன் ஏறியது என்பதை மட்டும்தான் பேசுகிறது. ஏறியதற்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று காட்டுவது மழை மட்டும்தான், ஆகவே மூன்றாவதுதான் விடை. இரண்டாவதும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கும், ஆனால் சில வீடுகள் ஒழுங்காகச் செய்யாததால் மீதி வீடுகள் செய்ததற்குப் பலன் இல்லாமல் போய்விடாது. செலவைப் பற்றிய நான்காவது விடை, அதைச் செய்யலாமா வேண்டாமா என்கிற வேறொரு சண்டைக்கு உரியது. இந்த நாலையும் ஒவ்வொன்றாக ஏன் இல்லை, ஏன் இல்லை என்று பேசி முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பேசி முடித்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள், "அப்போ மழைநீர் சேகரிப்பு பிரயோஜனம் இல்லன்னு அர்த்தமா?" இல்லவே இல்லை. வாதம் பலவீனமானது என்பது வேறு, முடிவு பொய் என்பது வேறு. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம், இந்தக் காரணம் மட்டும் அதைத் தாங்கப் போதாது. ஒரே அளவு மழை பெய்த இரண்டு தெருவில், தொட்டி வைத்த தெருவில் மட்டும் தண்ணீர் ஏறியது என்று ஒருவர் காட்டினால் அதே வாதம் எழுந்து நிற்கும். இந்த வித்தியாசம் அவளுக்குப் புரிந்த அந்த ஒரு ராத்திரி, அறுநூறு ரத்த உறவுக் கேள்வியைவிட எனக்குப் பெரிது.

தமிழில் பேசுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி நிலையத்தில் முதல் நாளே தமிழில் யோசிப்பதை நிறுத்து, அப்போதுதான் உருப்படுவாய் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அனுபவம் நேர் எதிர். கேள்வியில் இஃப், ஒன்லி இஃப், அன்லெஸ் என்று வரும்போதெல்லாம் அவள் தடுமாறுவாள், மூன்றும் அவளுக்கு ஒரே மாதிரி கேட்கும். தமிழில் இதற்கெல்லாம் ஒட்டிக்கொண்டே வார்த்தை இருக்கிறதே! வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால் பரீட்சை எழுத விடுவார்கள் என்றால் ஒன்று, இருந்தால்தான் விடுவார்கள் என்றால் இன்னொன்று. முதலாவதில் 75 இருக்கிறவள் கண்டிப்பாக எழுதலாம், இல்லாதவளைப் பற்றி அந்த வாக்கியம் ஒன்றுமே சொல்லவில்லை, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து எழுதினாலும் எழுதலாம். இரண்டாவதில் பரீட்சை எழுதியவள் எவளாக இருந்தாலும் அவளுக்கு 75 இருந்திருக்க வேண்டும், ஆனால் 75 இருக்கிறவள் எல்லாம் எழுதிவிட்டாள் என்று சொல்ல முடியாது, ஃபீஸ் கட்டாமல் வெளியே நின்றிருக்கலாம். ஒரு 'தான்' சேர்ந்ததும் தலைகீழாகிவிடுகிறது. இருந்தாலும் என்றால் அது வேறு, இல்லாவிட்டால் என்றால் அது வேறு. இதை அவளிடம் யாரும் விளக்கத் தேவையே இல்லை, நாலு வயதிலிருந்து சாப்பிட்டால்தான் டிவி என்று நான் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். இங்கிலீஷ் வாக்கியத்தைப் பார்த்ததும் இது 'இருந்தால்'-ஆ, 'இருந்தால்தான்'-ஆ என்று ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்த பிறகு அந்த வகைக் கேள்வியில் அவள் தப்பு விடுவது அரிதாகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் எங்களை ஏமாற்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். சம் என்றால் சில என்று எடுத்துக்கொண்டோம். சில பேர் வந்தார்கள் என்று நாம் சொன்னால் எல்லோரும் வரவில்லை என்று அதிலேயே அர்த்தம் வந்துவிடும். தருக்கத்தில் அப்படி இல்லை, சம் என்றால் குறைந்தது ஒருவர், எல்லோருமாகக்கூட இருக்கலாம். இதற்கு 'ஒருத்தராவது' என்று எழுதிக்கொண்டோம், சரியாகிவிட்டது.

இந்த மாதிரி யோசிப்பது நமக்குப் புதுசும் இல்லை. எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவர், வயதான வக்கீல், ஒரு நாள் மகளின் நோட்டைப் பார்த்துவிட்டு மணிமேகலையில் 29-வது காதையைப் போய்ப் படி என்றார். அதில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை வருகிறது, அடுக்களையில் பார்ப்பது போல. அதோடு விடாமல், காரணம் எப்படியெல்லாம் தப்பாகப் போகும், உதாரணம் எப்படியெல்லாம் பொருந்தாமல் போகும் என்று வகை வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நமக்கு மணிமேகலை செய்யுள் பகுதியில் மனப்பாடத்துக்கு மட்டும் வந்தது, அதில் இருக்கும் வாதத்தை யாரும் எடுத்துப் பேசியதில்லை.

குறுக்குவழிகளைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் இருந்தது. எல்லாம், ஒருபோதும், மட்டுமே என்று அழுத்தமாக வரும் விடையை உடனே தள்ளிவிடுங்கள் என்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். பத்தியே அழுத்தமாகச் சொல்லியிருந்தால் விடையும் அழுத்தமாகத்தான் இருக்கும். அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை என்று பத்தியில் இருக்கும்போது, ஒருவரும் போடவில்லை என்கிற விடையை 'அழுத்தம் அதிகம்' என்று தள்ளினால் கால் மதிப்பெண் போய்விடும். பத்தி எவ்வளவு தூரம் போகிறதோ விடையும் அவ்வளவு தூரம் போகலாம், அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் தப்பு. நான் டைப் அடிக்கும்போதும் இதைப் பார்த்திருக்கிறேன். சாட்சி 'பெரும்பாலும்' என்று சொன்னதை ஜூனியர் 'எப்போதும்' என்று எழுதிக் கொண்டுவந்தால், சீனியர் பேனாவை எடுத்து முதலில் அடிப்பது அந்த வார்த்தையைத்தான்.

அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், தப்பு நோட்டு என்று பெயர். தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி. நான் ஏன் இதை எடுத்தேன், இது ஏன் இல்லை. சரியான விடை ஏன் சரி என்று எழுதுவது சுலபம், விடைக்குறிப்பைப் பார்த்தாலே எழுதிவிடலாம். நான் ஏன் ஏமாந்தேன் என்று எழுதுவதுதான் கஷ்டம். 'கவனக்குறைவு' என்று எழுத நான் விட மாட்டேன், அது ஒரு பதிலே இல்லை. மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் அவளுடைய தப்புகளில் முக்கால்வாசி ஒரே வகை. அந்த 2019 மாதிரி, உலகத்தில் உண்மை என்பதற்காக அதையே விடை என்று எடுத்துவிடுகிறாள். எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது, அவளுடைய தப்பு அவளுடைய நோட்டில்தான் இருக்கும். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு விடையையும் தொடுவதற்கு முன் 'இது உண்மையா' என்று கேட்பதை விட்டு 'இது பத்தியில் இருக்கிறதா' என்று கேட்கப் பழகினாள். போன மாதம் போட்ட பழைய தாளில் 24-க்கு 18.

வேகம் எங்கே போனது என்று கேட்பார்கள். 120 கேள்வி, 120 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், அதற்குள் பத்தியையும் படிக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே யாரும் வேகம் பழகுவதில்லை, விரல் தப்பான கட்டையில் பழகிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் தப்பாகத்தான் அடிக்கும். முதல் இரண்டு மாதம் நேரமே பார்க்காமல் போடட்டும், அதற்குப் பிறகு வாரம் ஒரு முழுத் தாள் கடிகாரம் வைத்துப் போடட்டும், போட்டதைவிட இரண்டு மடங்கு நேரம் அதைத் திரும்பிப் பார்க்கச் செலவழிக்கட்டும். தினமும் நூறு கேள்வி போடும் பிள்ளைக்குத் திரும்பிப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? கேள்வி தீர்ந்துவிட்டால் எங்கே போவது என்ற பயமும் வேண்டாம். அந்த ஜூனியர் வக்கீல் சொன்னார், அமெரிக்காவில் எல்சாட் என்று 1948-லிருந்து நடக்கும் சட்டப் படிப்புத் தேர்வில் வாதப் பகுதியில் ஒவ்வொரு கேள்வியும் நாலைந்து வரி வாதம்தான், அங்கேகூட 2024 ஆகஸ்டிலிருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு வாதப் பகுதியை வைத்துவிட்டார்கள் என்று. அந்தக் கேள்விகளை இங்கேயும் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் பேசலாம்.

விடைக்குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு இந்தத் தேர்வே சாட்சி. 2024 டிசம்பரில் நடந்த கிளாட்டின் விடைக்குறிப்பில் தப்பு இருக்கிறது என்று தேர்வு எழுதிய ஒரு மாணவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இரண்டு கேள்விகளில் தப்பு இருப்பதாகத் தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகும் விஷயம் ஓயாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2025 மே மாதத்தில்தான் அங்கே முடிவு வந்தது. ஏன் இந்த விடை என்று தனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததால்தானே ஒரு பிள்ளையால் நீதிமன்றத்தில் போய் நிற்க முடிந்தது?

கிளாட் இன்னும் இங்கிலீஷில் மட்டும்தான் நடக்கிறது. நீட் தமிழிலும் எழுதலாம், இதை எழுத முடியாது. மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலும் அதை ஆதரித்தது. என்றைக்கு நடக்குமோ தெரியாது, நடக்கட்டும். ஆனால் வாதத்தைப் புரிந்துகொள்ளும் புத்தி இங்கிலீஷ் வந்த பிறகுதான் வரும் என்று எங்கள் பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். 2025-ல் விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 3,500. இதைக் கட்டி எழுதும் ஏழைப் பிள்ளை, எதைப் படிக்க வேண்டும் என்பதையாவது சரியாகத் தெரிந்துகொண்டு எழுத வேண்டாமா?

ஆகையால் உங்களிடம் இரண்டு கோரிக்கை. ஒன்று, அந்தக் கட்டுரையில் தருக்கப் பகுதியைப் பற்றி வந்ததைத் திருத்தி, அதே மாணவர் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். உங்கள் பக்கத்தை வெட்டிப் பள்ளியில் ஒட்டி வைப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, சுடோகுவுக்கும் குறுக்கெழுத்துக்கும் தினமும் இடம் கொடுக்கிறீர்கள், வாரத்தில் ஒரு நாளாவது அந்த இடத்தில் ஒரு வாதத்தைப் போடுங்கள். தமிழில் நூறு சொல்லில் ஒரு பத்தி, கீழே ஒரு கேள்வி, நாலு விடை. மறுநாள் விடையை மட்டும் தலைகீழாக அச்சடித்து முடித்துவிடாமல், மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பொருளுக்கு எங்கேயும் போக வேண்டாம், மெட்ரோ ரயில், பரந்தூர் விமான நிலையம், பள்ளி நேரம், மாட்டுப் பொங்கல் விடுமுறை எதுவாக இருந்தாலும் சரி, நம் ஊரில் தினமும் யாராவது எதையாவது சொல்லி அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள். உங்கள் தலையங்கத்தையும் இந்த வாசகர் கடிதப் பகுதியையும்தான் நாங்கள் இப்போது அதற்குப் பயன்படுத்துகிறோம். முடிவுக்கு அடியில் சிவப்புக் கோடு, காரணத்துக்கு நீலக் கோடு, சொல்லாமல் விட்டதை ஓரத்தில் எழுதுவாள்.

எங்களிடம் வீட்டில் எழுதிக்கொண்ட பத்திகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, தப்பு நோட்டிலிருந்து எடுத்த விளக்கத்தோடு. தேர்வு வழக்கமாக டிசம்பரில் வருகிறது, அதற்குள் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும். எல்லாவற்றையும் நானே தமிழில் டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, அடுத்த வாரம் உங்கள் அண்ணா சாலை அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். அதற்குப் பணமோ பெயரோ எதுவும் வேண்டாம். யாரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை – 13.